பனி வாரும் மெஷினும் புளியங்குடிக்காரனும்

ஒரு தொழிலை அரைகுறையாகத் தெரிந்தவனால் பெரிய ஆபத்து கிடையாது. பயந்து பயந்து வேலை பார்ப்பான். சந்தேகம் வந்தால் நாலு பேரிடம் கேட்பான். நன்றாகத் தெரிந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்கு டிஃபரன்ஷியல் நன்றாகத் தெரியும். அதனால்தான் துபாயில் ஓர் ஆகஸ்ட் மாதம், புத்தம்புது மெஷின் ஒன்றின் டிஃபரன்ஷியலை மூன்று முறை கழற்றிப் போட்டு, என் மேனேஜரைத் தலை முதல் கால் வரை பனியால் மூடி, ஒரு பென்குவினின் வயிற்றிலும் அடித்தேன்.

(பென்குவினுக்குள் இருந்தது மனிதர்தான். பதற வேண்டாம்.)

டிஃபரன்ஷியல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். லாரியின் பின்பக்க அச்சில் நடுவே குண்டாக ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு பல்சக்கரக் குடும்பம் வாழ்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் சண்டையில்லாமல் ஓட வைப்பது அந்தக் குடும்பத்தின் வேலை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு சக்கரம் எதிலாவது மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால், அதன் ஓட்டத்தையும் சேர்த்து மற்ற சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். வண்டி அப்படியே செக்கு மாடு மாதிரி வட்டம் போடும். இதை நான் ராஸ் அல் கைமாவில் ஓர் ஓடு தொழிற்சாலையில் ஆறு வருடம் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேன்டீனில் இரண்டு வடையைத் தட்டில் உருட்டிக்கூட விளக்கியிருக்கிறேன்.

அங்கிருந்து துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனி ஹாலுக்கு வேலை மாறினேன். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே மைனஸ் நான்கு. மேலிருந்து குழாய் வழியாகப் பனி கொட்டும். கொட்டிய பனி ஒரு மூலையில் மேடாகவும் இன்னொரு மூலையில் பள்ளமாகவும் கிடக்கும். அதை வாரி, உயரமான புகைபோக்கி மாதிரி ஒரு மூக்கு வழியாகத் தூர வீசிச் சமப்படுத்துவதற்குத்தான் பனி வாரும் மெஷின். முன்னால் திருகு மாதிரி ஓர் இரும்பு சுற்றும். பின்னால் இரண்டு சக்கரம். நாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். உள்ளே புகை கூடாது என்பதால் பேட்டரியில் ஓடுவது.

பழைய மெஷின் ஓய்ந்துவிட்டது. புதிது வந்தது. அதை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியென்று கையெழுத்துப் போட்டு, பத்து நாளுக்குள் ஒப்படைக்கும் பொறுப்பு எனக்கு. அந்த ஒரு கையெழுத்தில்தான் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால், ஒப்படைத்துவிட்டால் என் விசாவில் டெக்னீஷியன் என்பது சூப்பர்வைசர் என்று மாறும். சூப்பர்வைசருக்குத்தான் எங்கள் கம்பெனியில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை. என் மனைவி கோமதியும் நான்கு வயது மகள் தாரணியும் புளியங்குடியில் இருந்தார்கள். தாரணி பிறந்ததிலிருந்து நான் அவளுடன் இருந்த நாட்களை மூன்று லீவில் எண்ணி முடித்துவிடலாம். வீடியோ காலில் என்னைப் பார்த்தால் 'போன் அப்பா' என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது.

மேனேஜர் ஹானி எகிப்துக்காரர். நெற்றியில் வேர்வை வந்தாலும் அதற்கொரு படிவம் நிரப்பச் சொல்லும் மனிதர். கையில் எப்போதும் அட்டையும் பேனாவும். என் கூட வேலை பார்த்தவர் குல் கான் பாய், பாகிஸ்தானில் கில்கித் மலைப்பக்கத்துக்காரர். வருடத்தில் ஐந்து மாதம் வீட்டு வாசலில் பனி வாரிப் பழகியவர். நானோ, மார்கழியில் காது மூடித் துண்டு கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனதைத் தவிர வேறு குளிர் அறியாதவன். நியாயமாகப் பார்த்தால் யார் யாருக்குப் பனியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும்? நான்தான் எடுத்தேன். (ஹானியுடன் ஆங்கிலம், குல் கானுடன் இந்தி. உங்கள் வசதிக்காகப் பெரும்பாலும் தமிழிலேயே தருகிறேன். அந்த இந்தியை அப்படியே எழுதினால் குல் கானுக்கே புரியாது.)

கோமதிக்குப் புது மெஷின் விஷயம் தெரிந்ததும், ஊரிலிருந்து கிளம்பிய ஒருவரிடம் ஒரு டஜன் எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினாள். எங்கள் ஊர் எலுமிச்சை ஊர். கோமதியின் அப்பா எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் முதல் அடி நகர வேண்டும் என்பது எங்களுக்குப் பெட்ரோல் போடுவது மாதிரி ஒரு சாதாரண விஷயம். போதாததற்கு இவை அம்மன் கோயிலில் வைத்து வாங்கிய பழங்கள்.

எங்கள் ரூமில் ஆறு பேர், ஒரு ஃபிரிட்ஜ். அதில் வைத்தால் மறுநாள் ஜூஸ் ஆகிவிடும். (ஒரு தடவை நான் விரதத்துக்கு வைத்திருந்த தயிரை, ஒருத்தன் முகத்தில் பூசிக்கொண்டான்.) ஆகவே பழப்பையைப் பனி ஹாலுக்குப் பின்னால், சாமான்கள் வைக்கும் குளிர் அறையில் ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அதைவிடப் பெரிய ஃபிரிட்ஜ் யாருக்குக் கிடைக்கும்?

முதல் நாள். கீழே வொர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பனி ஹாலுக்குக் கொண்டு போனேன். மெஷினுக்கு மூன்று குங்குமப் பொட்டு, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு எலுமிச்சை. மனதுக்குள் அம்மனை நினைத்துக்கொண்டு லீவரை அழுத்தினேன். மெஷின் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு இடது பக்கம் திரும்பியது. திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி ஒரு பிரதட்சணம்.

இதற்கிடையே குங்குமம் பனியில் கரைந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பு வட்டம். அந்தப் பக்கம் வந்த ஹானி, யாருக்கோ கை போய்விட்டது என்று நினைத்து முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். என் பத்து விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"இது என்ன?"

"பிரேயர், சார்."

"பவுடர் கூடாது. நெருப்பு கூடாது. தேங்காய் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்!" என்று அங்கேயே ஒரு படிவத்தில் எழுதினார். போன வருடம் யாரோ தேங்காய் உடைத்திருப்பார்கள் போல. எலுமிச்சையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூடாது என்று எழுதப்படாதது கூடும் என்று எடுத்துக்கொண்டேன்.

மெஷினை ட்ராலியில் ஏற்றிக் கீழே கொண்டு போனேன். எதையும் பிரிப்பதற்கு முன் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்பது நல்ல மெக்கானிக்கின் இலக்கணம். வொர்க்‌ஷாப்பில் ஏசி கிடையாது. அரை மணியில் பனியெல்லாம் உருகி ஓடிவிட்டது. குழாயைத் திருப்பிச் சக்கரம், சட்டம், இடுக்கு எல்லாம் பீய்ச்சிக் கழுவினேன். இடது சக்கரத்து இடுக்கிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் சக்கை வந்தது. பழம் வைத்து ஏற்றினால் சக்கை வராமல் என்ன வரும்? டயர் காற்றைப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே அளவு. சக்கரத்தை அச்சோடு சேர்க்கும் பின்னைப் பார்த்தேன், முறியவில்லை. ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போனது.

இரவு கோமதியிடம் சொன்னேன்.

"பழம் வச்சீயளா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"வச்சேன்ளா. நல்லா நசுங்கிருக்கு. சக்கையப் பாத்தேன்."

"அப்பம் நல்ல சகுனம்தான். நாளைக்கும் வச்சு எடுங்க. ரிப்பேர் பாத்த வண்டியும் புது வண்டிதான்."

மறுநாள் பழம் வைத்தேன். வட்டம் போட்டது.

கீழே கொண்டு போனால் நேராகப் போகிறது, மேலே வந்தால் வட்டம் போடுகிறது. ஒரு சாதாரண மெக்கானிக்காக இருந்தால் இங்கே குழம்பியிருப்பான். நான் குழம்பவில்லை, அதுதான் பிரச்சினை. எனக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. சூட்டில் ஓடுகிறது, குளிரில் ஓடவில்லை. ஆகவே டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரீஸ் குளிரில் உறைந்து ஒரு பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான காரணம்! படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நாலு பக்கத்துக்கு ஹானியிடம் அறிக்கை கொடுத்தேன். படிவம் நிரப்பும் மனிதருக்கு நாலு பக்க அறிக்கை என்றால் பாயசம். "வெரி குட், முருகேசன்" என்றார்.

குல் கான் பாய் மட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் குத்தவைத்துத் தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பாய், குச் அட்கா ஹை."

ஏதோ மாட்டியிருக்கிறது என்கிறார்.

"என்ன மாட்டியிருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஏதோ ஒன்று. நீங்களே இங்கேயே குனிந்து பாருங்கள்" என்றார்.

குனிந்தேன். டயர், சட்டம், இடுக்கு எல்லாம் பனி அப்பி ஒரே வெள்ளையாக இருந்தது. "பாய், உங்களுக்கு டிஃபரன்ஷியல் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். வடை இல்லாததால் இரண்டு பனி உருண்டையைப் பிடித்து விளக்கினேன். அவர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

டிஃபரன்ஷியலைக் கழற்றினேன். அட்டைப்பெட்டியை விரித்து ஒவ்வொரு பல்சக்கரத்தையும் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது மாதிரி துடைத்து, குளிருக்கென்றே விற்கும் கிரீஸ் வாங்கிப் பூசி, மூடினேன். ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. (மெக்கானிக்குகளுக்கு இது புரியும். மற்றவர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.) மேலே கொண்டு போனேன். பழம் வைத்தேன். வட்டம்.

மறுபடி கழற்றி, அந்த வாஷருக்கு உரிய இடத்தைத் தேடிப் போட்டு, பேரிங்கையும் மாற்றினேன். கீழே நேராகப் போனது. இந்தத் தடவை கோமதியின் குரலே மாறியிருந்தது.

"கண்ணு பலமா இருக்கு. ரெண்டு பழம் தாங்காது. சக்கரத்துக்கு ரெண்டா நாலு வைங்க."

"நாலா?"

"நான் என்ன என் வீட்டு மெஷினுக்கா கேக்கேன்? பிள்ளய கூட்டிட்டு வரணும்லா? வைங்க."

நாலு வைத்தேன். மெஷின் முன்னைவிட வேகமாக வட்டம் போட்டது.

என் பத்து நாள் அன்றோடு முடியவில்லை, ஆனால் ஹானியின் பொறுமை முடிந்துவிட்டது. புது டிஃபரன்ஷியல் ஒன்றை விமானத்தில் வரவழைத்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதற்கு மேலும் சரியாகவில்லையென்றால், மெஷின் வேலை தெரிந்த ஆளை வெளியிலிருந்து எடுப்பேன். நீ டெக்னீஷியனாகவே இரு. தப்பாக நினைக்காதே" என்று சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார்.

அன்று வீடியோ காலில் தாரணி ஒரு சிவப்புப் பையைத் தூக்கிக் காட்டினாள். "போன் அப்பா, நான் பேக் பண்ணிட்டேன்" என்றாள். உள்ளே ஒரு சீப்பும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. நான் கரண்ட் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். துபாயில் கரண்ட் போகாது என்பது கோமதிக்குத் தெரியும்.

வியாழக்கிழமை. புது டிஃபரன்ஷியலைப் பூட்டி, வொர்க்‌ஷாப்பில் ஐந்து தடவை நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே கொண்டு வந்தேன். ஹானி அட்டையோடு நின்றார். குல் கான் பாய் நின்றார். டிக்கெட் கொடுக்கும் பெண்கள், காவலாளிகள், இன்னும் ஒரு பத்துப் பேர். பென்குவின் வேஷம் போடும் ஜோயல், பிலிப்பைன்ஸ்காரர், ஒத்திகைக்காக முழு வேஷத்தில் வந்து ஓரமாக நின்றார்.

பெட்டியில் கடைசி இரண்டு பழம். மெஷினைச் சுற்றி வந்து சரிபார்ப்பது மாதிரி குனிந்து, யாருக்கும் தெரியாமல் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். நான் எலுமிச்சை ஊரில் பிறந்தவன். பழத்தைக் கையில் எடுத்தாலே பறித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் குளிரில் கையில் மெத்தை மாதிரி இரண்டு அடுக்கு உறை. எனக்குப் பழமும் ஒன்றுதான், பாறாங்கல்லும் ஒன்றுதான்.

"யல்லா, கிளப்பு" என்றார் ஹானி.

திருகையும் சுற்றவிட்டு, சக்கரத்து லீவரையும் அழுத்தினேன். குலுக்கல் வந்தது. வலது சக்கரத்துக்கு அடியிலிருந்து 'விஷ்க்' என்று ஏதோ பறந்தது. அடுத்த நொடி பென்குவின் "ஆ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. இடது சக்கரம் நின்றது. மெஷின் வட்டத்தை ஆரம்பித்தது.

விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கையை எடுத்தால் நின்றுவிடும் மெஷின்தான் அது. ஆனால் என் வெளி உறையின் நுனி லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆகவே நான் சுற்றினேன். மெஷினின் மூக்கும் சுற்றியது. மூக்கிலிருந்து பனி பீய்ச்சிக்கொண்டு, வயலுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் மாதிரி ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் சமமாக விழுந்தது. முதல் சுற்றில் டிக்கெட் பெண்கள் ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் காவலாளிகள் ஓடினார்கள். ஹானி மட்டும் பொறுப்பான மேனேஜராக நின்ற இடத்திலேயே நின்று "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினார். வாயைத் திறந்திருக்க வேண்டாம். மூன்றாவது சுற்றில் அவருடைய மீசை, கண்ணாடி, அட்டை, படிவம் எல்லாம் காணாமல் போயின. குல் கான் பாய்தான் குனிந்து தவழ்ந்து வந்து பேட்டரி சுவிட்சை அணைத்தார்.

பென்குவின் மெல்ல எழுந்தது. தத்தித் தத்தி நடந்து போய்ப் பனிக்குள்ளிருந்து ஒன்றைப் பொறுக்கியது. தத்தித் தத்தி வந்து ஹானியிடம் நீட்டியது.

ஹானி கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதைப் பார்த்தார். இரும்புக் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். 'டங்' என்றது.

"முருகேசன், இது என்ன?"

"லெமன், சார்."

"லெமன் ஏன் டங் என்கிறது?"

அந்த 'டங்' என் காதில் விழுந்த கணத்தில், பத்து நாள் தெரியாததெல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. நானே ஒளித்துவைத்த குளிர் அறை. கல்லாக உறைந்த பழம். நசுங்காமல் டயரின் பள்ளத்தில் ஏறிச் சக்கரத்தோடு சுற்றி, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகியது. வலது பக்கம் இடைவெளி அதிகம், அங்கே வைத்ததெல்லாம் பறந்து பனிக்குள் புதைந்தது. கீழே கொண்டு போனதும் உருகியது. உருகியதை என் கையாலேயே குழாய் பிடித்துக் கழுவி, நல்ல மெக்கானிக் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டது. அப்புறம் மேலே கொண்டு வந்து, புதிதாக இரண்டு வைத்தது. எனக்கு அப்படியே பனிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் வைத்தாயா?"

"ஒவ்வொரு தடவையும், சார். ஒரு நாள் நாலு."

குல் கான் பாய் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இடது சக்கரத்து இடுக்கைக் குத்திப் பனியை உதிர்த்தார். உள்ளே இன்னொரு பழம், முத்து மாதிரி. நெம்பி எடுத்து என் கையில் வைத்தார்.

"பாய், உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன்.

"முதல் நாளே பார்த்தேன்."

"ஏன் பாய் சொல்லல?"

அவர் நெஞ்சில் கை வைத்தார். "அது உங்கள் பூஜை. உங்கள் மத விஷயத்தில் நான் எப்படி வாய் வைப்பேன், பாய்? அதனால்தான் ஏதோ மாட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தினமும் சொன்னேனே!"

ஆமாம், தினமும் சொன்னார். நான் தினமும் பனி உருண்டை பிடித்துக் காட்டினேன்.

"நோ லெமன். ஸ்டார்ட்" என்றார் ஹானி.

வாழ்க்கையில் முதல் முறையாகப் பழம் வைக்காமல் ஒரு வண்டியை எடுத்தேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு லீவரை அழுத்தினேன். மெஷின் நேராகப் போனது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, எங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவில் போகும் பஸ் மாதிரி, ஒரு தயக்கமும் இல்லாமல் போனது. யாரோ கைதட்டினார்கள். பென்குவின் தட்டவில்லை.

ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். போச்சு என்று முடிவு செய்துகொண்டே போனேன். ஹானி உடை மாற்றிக்கொண்டு, டீயோடு உட்கார்ந்திருந்தார். என் முன்னால் ஒரு படிவத்தைத் தள்ளினார். கோளாறின் அடிப்படைக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் படிவம் அது. ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் 'ஏன்?' என்று ஒரு கேள்வி. முதல் பதிலுக்கு ஏன், அந்தப் பதிலுக்கு ஏன் என்று ஐந்து தடவை தோண்டினால் வேர் வரைக்கும் போய்விடலாமாம்.

புது டிஃபரன்ஷியல் போட்டதால் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கலாம். தலைமை ஆபீஸில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பென்குவின் சாட்சி இருக்கிறதே. உண்மையையே எழுதினேன்.

மெஷின் ஏன் இடது பக்கம் சுற்றியது? சக்கரத்தில் எலுமிச்சம்பழம் மாட்டியதால். ஏன் மாட்டியது? உறைந்து கல்லாக இருந்ததால். ஏன் உறைந்தது? ரூம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஜூஸ் போட்டுவிடுவார்கள் என்று பனி ஹாலில் ஒளித்து வைத்ததால். பழம் ஏன் வைத்தாய்? மனைவி தினமும் போனில் வைக்கச் சொன்னதால்.

ஐந்தாவது ஏன். மனைவி ஏன் போனில் சொன்னாள்?

என் அரைகுறை ஆங்கிலத்தில், 'அவள் என் பக்கத்தில் இல்லாததால்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது. குளிரிலிருந்து வந்ததால் என்று சொல்ல முடியாது, அந்த ஆபீஸில் குளிரே கிடையாது.

ஹானி முதல் வரியைப் படிக்கும்போது மீசை துடித்தது. மூன்றாவது வரியில் டீயை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஐந்தாவது வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அவருடைய மனைவியும் இரண்டு பையன்களும் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். இரண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்று மெஷினை ஒப்படைத்ததற்கு. இன்னொன்று என்னவென்று நான் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

"போய் ஜோயலிடம் மன்னிப்புக் கேள்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டேன். ஒரு வாரம் அவருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். மெஷின் சரிபார்க்கும் பட்டியலில் ஹானி ஒரு வரி சேர்த்தார்: சக்கரத்தின் அருகே பழம் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்யவும். அந்தப் பட்டியல் கம்பெனியின் மற்ற ஊர்க் கிளைகளுக்கும் போனது. ஒரு நாள் சவூதியிலிருந்து யாரோ ஒரு பாய் போன் செய்து, காய்கறி பரவாயில்லையா என்று கேட்டார்.

கோமதியும் தாரணியும் டிசம்பரில் வந்தார்கள். பர் துபாய் என்ற பகுதியில் சின்ன வீடு. பனி பார்க்க அழைத்துப் போன அன்று வாசலிலேயே ஹானி எதிர்ப்பட்டார். முகமெல்லாம் சிரிப்பாகக் கோமதியைப் பார்த்து, "வெல்கம், மேடம் நம்பர் ஃபைவ்!" என்றார்.

"அது என்ன நம்பர் அஞ்சு?" என்று கோமதி என்னைக் கேட்டாள். அதுவரை அவளிடம் பழம் நன்றாக நசுங்கி, மெஷின் சரியாகிவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அன்று முழுக் கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிரித்துச் சிரித்துப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரியைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, என் உறை போட்ட கையை அவளுடைய உறை போட்ட கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு இரண்டு நிமிடம் இருக்கும். அதோடு சரி, அதன் பிறகு எனக்கு இரக்கம் காட்டப்பட்டதே இல்லை. வீட்டில் நான் எதைக் கெடுத்தாலும் அம்மாவோ மகளோ அந்த ஐந்து 'ஏன்?' கேட்டுவிடுகிறார்கள்.

போன வாரம் வாஷிங் மெஷினின் பைப்பை மாற்றி மாட்டிவிட்டேன். ஹால் முழுக்கத் தண்ணீர். தாரணி சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அம்மா, யூ ஆஸ்க் ஆர் ஐ ஆஸ்க்?" என்று கத்தினாள்.

"நானே கேக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கோமதி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கையில் துடைப்பம். தண்ணீரை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"இப்பந்தான் பக்கத்துலயே இருக்கேனே. இப்பம் என்ன காரணம் எழுதப் போறீய?"